பதினாறு ஜன்னலுக்கு ஒரு டிரில்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஆதிராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் ஏணி என்ற வார்த்தையிலேயே என்னை நிறுத்திவிடுவாய், மீதியைச் சொல்ல விடமாட்டாய். அதனால்தான் மக்கா. முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நான் தைக்கிற திரைச்சீலைகளுக்குக் கம்பி மாட்டித் தந்துகொண்டிருந்த ஆன்சன் மஸ்கட்டுக்குப் போய்விட்டார் என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பிறகு சுவரில் துளை போட ஆள் கிடைக்காமல் இரண்டு வீட்டு வேலை கைவிட்டுப் போனது. வெறும் துணியைக் கொடுத்தால் யாருக்கும் வேண்டாம், கம்பியும் மாட்டித் தரவேண்டும். இப்படி இருக்கும்போதுதான் கரமனையில் பெண்கள் விடுதி நடத்துகிற சுசீலாபாய் கூப்பிட்டு, பதினாறு ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் மாட்டி முடிக்கவேண்டும், சனிக்கிழமை புதுப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் முடியும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து, ஆளைத் தேடி அலைய என்னால் ஆகாது, மெஷின் வாங்கி நானே துளை போடப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். உடனே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, கடை அடைப்பதற்குள் போவோம் என்றார்.

சாலைக் கடைத்தெருவில் செல்வகணேஷின் ஹார்டுவேர் கடைக்குப் போனோம். அவர் நாலு டிரில்லை எடுத்து வைத்து எல்லாவற்றையும் அப்பாவுக்கே விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா ஒவ்வொன்றையும் வாங்கி என் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார், அப்படியும் கடைக்காரருக்குப் புரியவில்லை. கடைசியில் அப்பாவே, "வேலை செய்யப் போறது இவ, இவகிட்ட சொல்லுங்க" என்றார். கடை நிறைய ஆம்பிளைகள் நின்றார்கள். எனக்கு அந்த நேரம் கல்யாணப் பெண் மாதிரி வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. முதலில் காட்டியது பேட்டரியில் ஓடுவது, வயர் இல்லாமல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விலை இரண்டு மடங்கு, ஜன்னலுக்கு மேலே உள்ள கான்கிரீட்டில் நாலு துளை போட்டால் சார்ஜ் இறங்கிவிடும் என்று அவரே ஒத்துக்கொண்டார். அடுத்தது கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கிற பெரிய மெஷின், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து இருபது எண்ணுவதற்குள் கீழே இறக்கிவிட்டேன். இன்னொன்று பேர் தெரியாத கம்பெனி, கொள்ளை மலிவு. உள்ளே மோட்டாரில் இருக்கிற கார்பன் கட்டை தேய்ந்தால் மாற்ற எங்கே போகவேண்டும் என்று கேட்டேன், இங்கே கிடைக்காது என்றார், வைத்துவிட்டேன். கடைசியில் இருந்தது அறுநூறு வாட், இரண்டு கிலோவுக்கும் குறைவு, சுற்றிக்கொண்டே சுத்தியல் மாதிரி சுவரில் இடிக்கவும் செய்யும், ரிப்பேர் கடை நடந்துபோகிற தூரம். விலை மூவாயிரத்துச் சொச்சம். அதையே எடுத்தேன். தூசி படாமல் கண்ணுக்குக் கண்ணாடியும் வாங்கினேன், நீ கேட்பாய் என்று தெரியும்.

திரைகளைத் தைத்து முடித்து வியாழக்கிழமை காலையில் விடுதிக்குப் போனோம். நான் ஏணியில் ஏறினேன், அப்பா இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பென்சிலால் குறித்து மெஷினை வைத்து அழுத்தினால் சத்தம்தான் பெரிதாக வருகிறது, சுவரில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்ததே தவிர ஊசி முனை அளவுகூட உள்ளே போகவில்லை. சுசீலாபாய் போனை எடுத்து யாருடைய நம்பரையோ தேட ஆரம்பித்தார். ஏமாந்துவிட்டோம் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்பா செல்வகணேஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார், நான் ஏணியில் நின்றபடியே சண்டைக்குப் போனேன். அந்த மனுஷன் கோபப்படாமல், "அக்கா, விரல் வைக்கிற எடத்துக்கு மேல சின்னதா ஒரு ஸ்விட்ச் உண்டு, அது எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க" என்றார். பார்த்தால், பையில் கொண்டுவரும்போது அது எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கிறது, மெஷின் அத்தனை நேரமும் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்விட்சை இந்தப் பக்கம் தள்ளி அழுத்தினேன் பார், கடகடவென்று உள்ளே இறங்கிவிட்டது ஆதிரா. தூசி முழுக்க அப்பா தலையில். ஏணியை விடாமல் அப்படியே நின்று சிரிக்கிறார். விடுதிப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் நின்று கைதட்டினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஒன்பது, மறுநாள் மத்தியானத்துக்குள் பதினாறும் ஆயிற்று. பதினோராவது ஜன்னலில் ஒரு துளை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது, தகடு வைத்து மறைத்துவிட்டேன், யாரிடமும் சொல்லாதே. சுசீலாபாய் ஒரு திரையை மூடியும் திறந்தும் பார்த்துவிட்டு, "நன்னாயிட்டு இருக்கு வடிவு. மாடியில உள்ளதும் நீங்கதான் செய்யணும்" என்றார். எனக்கு ஆட்டோவில் வரும்போது தோள் வலித்தது, அதுகூடச் சுகமாகத்தான் இருந்தது. ஏணி ஏற வயதாகிவிட்டது என்று நீ சொல்வது எனக்குத் தெரியும், மூன்றாவது படிக்கு மேலே போகமாட்டேன், அப்பா பிடிக்காமல் ஏறவும் மாட்டேன், இது சத்தியம்.

தம்பி கிரீஷ் ஓணத்துக்கு பெங்களூரிலிருந்து வருகிறான், நீயும் லீவு கேட்டுப் பார். நைட் டியூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீ நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும், எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூடட்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வித்துராவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், சுசீலாபாய் சொன்னாராம், துளை போடுகிற சேட்டனின் நம்பர் வேண்டும் என்று கேட்டார். சேட்டனும் இல்லை, அண்ணனும் இல்லை, நான்தான், எத்தனை ஜன்னல் என்று கேட்டேன்.

உன் அம்மா,
வடிவாம்பாள் கோலப்பன்