நூற்றைம்பது டிகிரி

மார்ச் 4
ஏழாவது முறையும் ஒளிர்ந்தது. யூரோப்பியம் கலந்த இட்ரியம் ஆக்சைடு: வெறும் கண்ணுக்குச் சுண்ணாம்புத் தூள், புற ஊதா விளக்கின் கீழ் தணல் நிறம். மற்றவர்கள் எழுநூறு டிகிரியில் சுடுகிறார்கள்; நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடுகின்றன. எனக்கு நூற்றைம்பதே போதும். என் ஆய்வு முழுவதும் இந்த ஓர் எண்தான். இதழ் என் கட்டுரையை ஏற்றுக்கொண்ட கடிதத்தை, வழிகாட்டி சார் ஆய்வகக் கதவில் ஒட்டியிருக்கிறார். அம்மா போனில், "அப்ப இனிமே நம்ம வீட்டுக்கு பல்பு சும்மா வருமாடி?" என்றாள்.

மார்ச் 11
மாதிரி எண் எழுதிய தாள் துண்டு கிண்ணத்தோடு மின் உலைக்குள் போய்விட்டது. எடுத்தபோது சாம்பல். நூற்றைம்பதில் தாள் எப்படி எரியும்?

மார்ச் 12
எலெக்ட்ரீஷியன் அண்ணன் உலையின் முதுகைக் கழற்றினார். சூட்டை அளக்கும் கம்பி உலையின் உள்ளறையில் இல்லை; சுவரோடு பின்வாங்கி நிற்கிறது. வேறு கம்பி விட்டுப் பார்த்தோம். முகப்பில் 150. உள்ளே 640.
"போன வருஷம் இந்த மேசைக்கு நகர்த்துனப்பவே இழுபட்டிருக்கும்மா."
என் தூள் முதன்முதலில் சிவப்பாக ஒளிர்ந்தது அதற்கு மறுவாரம்.

மார்ச் 13
சரிசெய்த உலை. நூற்றைம்பது. விளக்கின் கீழும் வெள்ளை.

மார்ச் 14
சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். திட்டவில்லை.
"மீட்டர்ல என்ன இருந்துச்சோ அதத்தானம்மா எழுதினோம். பொய்யா எழுதினோம்?"
வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்றார். மறுபடி தொடங்கினால் மூன்று வருடம் என்றார். கதைகளில் இந்த இடத்தில் ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. "சரி சார்" என்றேன்.
ஏன் சொன்னேன்? வாய் தானா சொல்லிடுச்சு — இல்ல. நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 22
கட்டுரை அச்சில் வந்துவிட்டது. திறந்து பார்க்கவில்லை.

ஜூன் 20
தேர்வு முடிந்தது. கைதட்டினார்கள். யாராவது உலையைப் பற்றிக் கேட்பார்கள் என்று கடைசிவரை காத்திருந்தேன்.

அக்டோபர் 9
முகம் தெரியாத மாணவி ஒருத்தியின் மின்னஞ்சல். என் கட்டுரையை வைத்து ஐந்து மாதமாகச் செய்கிறாளாம், ஒருமுறைகூட ஒளிரவில்லையாம். "என்கிட்டதான் ஏதோ தப்பு அக்கா. எங்கன்னு மட்டும் சொல்லுங்க."
உண்மையை நான்கு முறை எழுதினேன். நான்கு முறை அழித்தேன்.

அக்டோபர் 12
பதில் போட்டேன். தண்ணீரின் தூய்மையைச் சரிபார்க்கவும், நிதானமாகக் கலக்கவும் என்று.
அரை மணியில் நன்றி வந்தது. தண்ணீரை மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறாளாம்.