கச்சானுக்கு நீ சொன்ன விலை

கச்சான் என்ற இணையப் பெயர் இன்னும் வேறு யார் கைக்கும் போகவில்லை. பெயரைப் பதிவு செய்து தந்த நிறுவனம் நேற்று மாலை உன் மகள் ஸ்டெல்லாவுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அவள் கணினி முன்னால் உட்கார்ந்து நானே வாசித்தேன். உன் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வந்து சேர்ந்தன, சரிபார்த்து முடிக்கும்வரை பெயரை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். இதை உன்னிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

காலையிலிருந்து மேல்காற்று அடிக்கிறது. உன் கிடங்குப் பக்கம் காயும் நெத்திலியின் வாடை என் சன்னல் வரை வருகிறது. அது வந்தால் பின்னாலேயே நீயும் வருவாய் என்பது பழைய பழக்கம். சிறிது நேரம் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கருவாட்டை இணையத்தில் விற்கப் போவதாக நீ சொன்னது பழைய துறைமுகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில். யோசித்து வைத்திருந்த பெயரையும் சொன்னாய். அது உன் படகின் முழுப் பெயர்: முதலில் மாதா, அடுத்து உன் அப்பா, கடைசியில் 'துணை'. புன்னைக்காயல்காரன் எதற்குப் பெயர் வைத்தாலும் அப்படித்தான்.

“ஏலே, இதை டைப் பண்ணி முடிக்கதுக்குள்ள கருவாடு திங்குற ஆசையே போயிரும்” என்றேன்.

“இந்தப் பேர்லதாம்லே எங்க போட்டு இத்தனை வருசமா முங்காம ஓடுது.”

“வெப்சைட்டு என்ன கடல்லயா ஓடுது?”

டீக்கடைக்காரர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா தேடிப் பார்த்தாள். வெறும் 'கருவாடு' என்ற பெயரை எவரோ முன்பே வாங்கிப் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் கடையும் இல்லை, மீனும் இல்லை. விற்பனைக்கு என்ற ஒரு வரியும், படகுக்குப் புது எஞ்சின் வாங்கப் போதுமான விலையும் மட்டும் இருந்தன. நீ திரையை வெகுநேரம் பார்த்தாய்.

“அந்தக் காலத்துல முத்துக்குளிச்சா சிப்பியைத் திறக்காமலேதான் குவிச்சு வச்சு ஏலம் விடுவாங்க. இவனும் அதைத்தான் செய்யுதான். திறக்காத சிப்பியை எஞ்சின் விலைக்கு விக்கான்” என்று சொல்லி எழுந்தாய்.

அதன் பிறகு நீயே ஒரு சோதனை வைத்துக்கொண்டாய். மீன் ஏலக்கூடத்தில் கூச்சல் உச்சத்தில் இருக்கும்போது உன் படகு டிரைவருக்குப் போன் போடுவாய். ஒரு பெயரை ஒரே ஒரு தடவை சொல்வாய். அவர் அதை ஆங்கிலத்தில் அடித்து அனுப்ப வேண்டும். நீளமானவை, எண் சேர்த்தவை, நடுவில் கோடு போட்டவை எல்லாம் அங்கேயே விழுந்தன. “யாருக்கு அண்ணாச்சி பேரு வைக்கீங்க, வீட்டுல விசேசமா?” என்று அவர் கேட்டதை நீயே எனக்குச் சொல்லிச் சிரித்தாய்.

கடைசியில் பெயர் உன் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. களத்தில் காயப்போட்ட மீனைப் புரட்டிக்கொண்டிருந்த உன் மனைவி ரெஜினா நிமிர்ந்து, “கச்சான் எடுத்துட்டு. இனி கவலையில்ல” என்றாள். ஈரத்தை உறிஞ்சி மீனைக் காயவைக்கும் மேல்காற்றுக்கு இங்கே அதுதான் பெயர். நீ என்னைப் பார்த்தாய். ஏலக்கூடத்துச் சோதனையில் டிரைவர் ஒரே தடவையில் சரியாக அடித்து அனுப்பினார். இந்தக் கரையில் எல்லார் வாயிலும் கிடந்த சொல். வெளியே விலை பேசுகிறவர்களுக்குத் தெரியாத சொல். அதனால் சும்மா கிடந்தது. டாட் இன் போதும், சரக்கு நம் நாட்டுக்குள்தானே போகிறது என்று ஒரு கூடை மீன் விலைக்கும் குறைவாக அதைப் பதிவு செய்தாய்.

கோயம்புத்தூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஆர்டர்கள் வரத் தொடங்கிய பிறகு சென்னையிலிருந்து பெயர்த் தரகர் ஒருவர் பேசினார். ஸ்பீக்கரில் போட்டாய்.

“தம்பி, கச்சான்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியாது சார். ஆனா நிறைய பேர் தேடுறாங்க.”

“அவங்க தேடுறது எங்க நெத்திலியை.”

போனை வைத்துவிட்டு, “அன்னைக்கு இந்தச் சிப்பியை எவனும் சீண்டல. இப்போ முத்து வெளிய தெரியுது, வாரான்” என்றாய். நல்ல விலைதானே என்றேன். “பேரைக் கொடுத்துட்டா, பழைய ஆளு வந்து கதவைத் தட்டும்போது உள்ள எவனோல்லா இருப்பான்” என்றாய். ஒரு பெயரின் மதிப்பைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நீ போன பிறகு ரெஜினா உன் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டாள். “கூப்பிடுற ஆளுங்க ஒவ்வொருத்தர்ட்டயும் அவுக இல்லன்னு சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு அண்ணாச்சி” என்றாள். பதிவைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் எல்லாம் அந்தப் போனுக்குத்தான் வந்திருக்கின்றன. ரீசார்ஜ் இல்லாமல் எண்ணும் போனது. உன் கணக்கைத் திறக்க வேண்டிய ரகசிய எண் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

பதிவு காலாவதியாகி இணையக் கடைப் பக்கம் இருண்ட அன்று ஸ்டெல்லா என் வீட்டுக்கு ஓடி வந்தாள். “மாமா, கடையை மூடிட்டீங்களான்னு கேக்காங்க.” அதே தரகர் மறுபடி பேசியிருக்கிறார். புதுப்பிக்க மிச்சமிருக்கும் கெடுவும் தாண்டிப் பெயர் பொதுவுக்கு வந்தால் தானே எடுத்துக்கொள்வதாக மரியாதையாகத்தான் சொன்னாராம். வேறு பெயர் பார்க்கலாமா என்று ஸ்டெல்லா தயங்கினாள். ரெஜினா உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, “தாலுகா ஆபீசு எத்தனை மணிக்குத் திறப்பான்?” என்றாள். வாரிசுச் சான்றிதழ் அப்படி வந்ததுதான்.

எழுத்துத் தொழிலில் இருக்கும் நான் இப்போதும் ஒரு தலைப்பு எழுதினால் ஏலக்கூடத்து இரைச்சலை மனதில் வைத்து ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன். அங்கே நிற்காத தலைப்பை அடித்துவிடுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிச்சமானது அது.

நேற்று நான் கிளம்பும்போது மேசையில் ரெஜினாவின் போன் அடித்தது. பெயரை மாற்றிக்கொள்ள அந்த நிறுவனத்தில் தொடங்கிய புதுக் கணக்குக்கு ஸ்டெல்லா தன் எண்ணோடு அவள் எண்ணையும் கொடுத்திருக்கிறாள்; பழைய வாடிக்கையாளர்களுக்கும் அந்த எண்தான் போயிருக்கிறது. அவள் எடுத்தாள். “ஆமாம்மா, கச்சான்தான் பேசுதோம். நெத்திலி காயுது” என்றாள்.

பெயர் எங்களுக்குத் திரும்புமா என்ற முடிவு இன்னும் வரவில்லை. புதன்கிழமைக்குள் தெரிவிப்பதாக எழுதியிருக்கிறார்கள்.