மூன்றாவது நாற்காலி

சேசு மரி சூசை துணை

வாழப்பாடி,
ஏப்ரல் 26

அன்பு மகன் அறிவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. கனடாக் குளிரில் நீயும் மருமகள் தனப்பிரியாவும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

இந்த வருடம் என்னைக் கோயில் பங்குப் பேரவைத் துணைத்தலைவி ஆக்கினார்களே, அன்றிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை கண்ணு. பெரிய வியாழன் சடங்கில் தான் பாதம் கழுவப்போகிற பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பங்குச் சாமியார் என்னிடம் விட்டார். கோயில் கூட்டுகிற சௌந்திரத்தின் பெயரை நானேதான் எழுதினேன். பதினெட்டு வருடமாகக் கூட்டுகிறாள், ஒருமுறைகூட அவளை அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் உட்காரவைத்ததில்லை. பித்தவெடிப்பைக் கல்லில் தேய்த்து, மருதாணி வைத்து, புதுச்சேலையில் வந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய வாசகம் வாசித்துப் பிரசங்கம் முடிகிற நேரத்துக்கு ஒன்றியத் தலைவரின் மனைவி வந்து நுழைந்தார். நம் சபைதான், ஆனால் பாஸ்கா, ஈஸ்டர் என்றால் மட்டும் தலைகாட்டுகிறவர். நம் கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை போட அவர்கள் தயவு வேண்டுமே. எந்தப் பேய் பிடித்ததோ, சௌந்திரத்தின் காதருகே குனிந்து, நீ எந்திரிச்சுக்கோ, அடுத்த வருசம் பாத்துக்கலாம் என்றேன். சரிங்கம்மா என்று எழுந்துவிட்டாள், அந்த அம்மாவை அங்கே உட்காரவைத்தேன். அதோடு விட்டேனா பாவி, கால் கழுவுகிற தண்ணீர்க் குடத்தை எடுத்து வா என்று அவளையே ஏவினேன். கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பாஸ்காப் பூசைக்கு அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என்னைக் கண்டதும், ஐயோ, இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க, காலெல்லாம் புழுதியா இருக்குங்களேம்மா என்று செம்பில் தண்ணீர் எடுத்துவந்து, நான் தடுக்கத் தடுக்கக் கீழே உட்கார்ந்து என் காலைக் கழுவிவிட்டாள். காபி கொடுத்தாள், கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே குடித்தேன். கிளம்பும்போது கோயில் சாவியை என் கையில் வைத்து, இனி வேற ஆளைப் பாத்துக்கங்கம்மா என்றாள். நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பாதை வரப்போகிறதே, இதைப் போய்ப் பெரிதாக்காதே என்கிறார் அப்பா. அவரோடு நான் இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. அங்கே கோயிலில் யாராவது பதவி கொடுத்தால் வாங்காதே. சௌந்திரத்துக்கு உன்மேல் பிரியம், ஒரு போன் செய். எனக்காக மட்டும் பரிந்து பேசாதே. அவள் உடனே, அதனாலென்ன தம்பி என்று சொல்லிவிடுவாள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

உன் அம்மா,
சகாயராணி