கணுக்காலுக்குக் கீழே

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம். நானும் தலையிலிருந்து கணுக்கால் வரை சுகம், அதற்குக் கீழே உள்ளதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருங்கள்.

முதலில் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா நகராது. போன தடவை வந்தபோது உன் ஆய்வகத்தில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். செல்லில் இருக்கிற கதவுகளைப் பற்றியது, அது உங்களுக்குப் புரியாதுப்பா என்றாய். முப்பத்தோரு வருடம் குளிர்பதனக் கிடங்கில் கதவு திறந்து மூடியவனிடம் சொன்னாய். அதனால் நூலகத்திலிருந்து ஒரு உயிரியல் புத்தகம் எடுத்து மூன்று முறை படித்தேன். செல்லைச் சுற்றிய சவ்வில் பொடிப் பொடிக் கதவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனக்கான சேதி வந்தால்தான் திறக்கும், குளிருக்கென்றே ஒரு கதவு உண்டு, அது திறந்தால் மின்னூட்டமுள்ள உப்புத் துகள்கள் உள்ளே ஓடும், அந்தச் சலனம் நரம்பு வழியே மூளைக்குப் போய்ச் சில்லென்று சொல்லும். புதினாச் சத்து குளிரே இல்லாமல் அந்தக் கதவை ஏமாற்றித் திறந்துவிடுமாம். படித்த அன்று சாயங்காலம் வரை நாற்காலியிலேயே இருந்தேன். உடம்பெல்லாம் கதவுகள் ஓசையில்லாமல் திறந்து மூட, கிடங்கில் தரையோடு தவழ்ந்து வருமே அந்த வெண்புகை, அது எனக்குள்ளேயே தவழ்வது போல இருந்தது. உன் அம்மா மூன்று தடவை கூப்பிட்டாளாம், கேட்கவில்லை.

எதையும் சோதிக்காமல் நான் நம்பமாட்டேன். புதினாக் களிம்பு வாங்கிக் காலில் தேய்த்தேன். ஒன்றுமில்லை. வேறு டப்பா வாங்கினேன், அதுவும் அப்படியே. போலிச் சரக்கு விற்கிறாயா என்று மருந்துக்கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன். அவன் சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டில் தேய்த்தான், ஜில்லென்று ஏறியது. களிம்பு வேலைக்கு வந்திருக்கு பெரியவரே, உங்க கால்தான் லீவு போட்டிருக்கு என்றான். அப்போதும் விடவில்லை, கை வேறு கால் வேறு என்று வாதாடிவிட்டுத்தான் வந்தேன்.

போன வாரம் ஒரு காலை, கூடத்திலிருந்து சமையலறை வரை தரையில் சிவப்புச் சிவப்பாக இருந்தது. என்னத்தைக் கொட்டித் தொலைத்தாய் என்று உன் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். கொட்டினது நான் இல்லைங்க, நடந்தது நீங்க என்றாள். முந்தின நாள் நான் உடைத்த கண்ணாடி டம்ளரின் சில்லு குதிகாலில் ஏறியிருக்கிறது. அவள் அழுதுகொண்டே பிடுங்கினாள், நான் யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி இல்லை. மேகத்தில் கால் வைத்தது போல, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சுகமாகக்கூட இருந்தது. அந்தச் சுகம்தான் என்னைப் பயமுறுத்தியது.

சர்க்கரை மாத்திரையை நான் ஒழுங்காகப் போட்டதில்லை, உன்னிடம் பொய் சொன்னேன். சர்க்கரை மிஞ்சினால் நீளமான நரம்பின் நுனிதான் முதலில் பட்டுப்போகும், அதனால் பாதம் மரத்துப்போகும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்று முறையும் அந்தப் பக்கத்தை யாருக்கோ எழுதியது என்று தள்ளிவிட்டேன். புண் இன்னும் மூடவில்லை, ஓரம் கறுக்கிறது. உனக்குச் சொல்லக்கூடாது என்று உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், அதை இந்தக் கடிதத்தால் நானே உடைக்கிறேன். நாளைக் காலை மருத்துவமனைக்குப் போகிறோம். அவள் அழுததற்காக இல்லை, நானாக முடிவு செய்தேன்.

சேதி வந்தும் கதவு திறக்கவில்லை என்பது வரை எனக்கே புரிந்துவிட்டது. பட்டுப்போன நுனி மறுபடி துளிர்க்குமா என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் புரியவில்லை. அதை நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொல், மெதுவாகச் சொன்னால் புரிந்துகொள்வேன்.

நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருவரும் வாழ்க. அங்கே குளிர் அதிகம் என்கிறாய், காலுறை போடாமல் நடக்காதே. தரை சில்லென்று பட்டால் அலுத்துக்கொள்ளாதே அம்மா, கொஞ்சம் நின்று அதை அனுபவி.

என்றும் உன்
அப்பா