அடுத்த அடி வரும் வரை

ஜூலை 19, வெள்ளி
வேலூர், லாட்ஜ் அறை.

இன்றும் முடிவு வரவில்லை. இவர் தொண்டையிலிருந்து சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வாரம்தான் தெரியுமாம். அடுத்த வாரம் என்றால் எந்தக் கிழமை? கேட்டால் நர்ஸ் சிரிக்கிறாள். சிரிக்க என்ன இருக்கிறது?

இவரோ கட்டிலில் சாய்ந்து வாய்க்குள் பாடிக்கொண்டிருக்கிறார். பேச்சையே குறைக்கச் சொன்னார் டாக்டர். இவருக்குப் பாட்டு கேட்கிறது. ஆனந்தன் என்று பேர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். லாரி ஓட்டும்போது பாட்டு, குளிக்கும்போது பாட்டு, சுங்கை சிப்புட் கோயிலில் உறுமி மேளத்தோடு விடிய விடியப் பாட்டு. குரல் கரகரத்தபோதுகூட, பாடிப் பாடி வந்த கரகரப்பு என்றுதான் ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டோம். மலேசியாவிலேயே அப்போதே காட்டியிருந்தால்...

"கொஞ்சம் வாய மூடுங்களேன்" என்றேன்.

"நீ கொஞ்சம் உக்காரேன். நடந்து நடந்து தரை தேஞ்சிடும்."

லாட்ஜ் முன்மேஜையில் இருக்கும் கல்பனா ஜவ்வாது மலைக்காரி. அவள் ஊரில் ஆடித் திருவிழாவாம். "ஒரு வாரத்துக்கு மேளமும் பாட்டும்தாம்மா. திங்கக்கெழம நான் போறேன். கூட வந்து ஒரு ராத்திரி இருந்துட்டு வந்துடுங்களேன்." நான் முடியாது என்றேன். இவர்தான் கேட்கவில்லை. "போய்ட்டு வா, சகு. எனக்கும் ஒரு நாள் நிம்மதியா பாட வேணாமா?"

ஜூலை 22, திங்கள்

மலை. அமிர்தி தாண்டியதும் வளைவு மேல் வளைவு. ஏன் கிளம்பினேன்?

ஊர் சின்னது. சாமை விதைத்த நிலம் சுற்றிலும் பச்சையாக இருக்கிறது. கல்பனாவின் அம்மா பச்சையம்மா, என் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். இறங்கியதும் போனைப் பார்த்தேன்: சிக்னல் இல்லை. ஊர் எல்லையில் ஒரு புளியமரம் இருக்கிறது, அதற்கடியில் நின்றால்தான் கிடைக்குமாம். நின்றேன். இவர் எடுக்கவில்லை. பாடிக்கொண்டிருப்பார்.

"எங்கே உட்கார்ந்து கேட்கணும்?" என்று பச்சையம்மாவிடம் கேட்டேன்.

"உக்கார்றதா? எதுக்கு?"

சபை, மேடை, நாற்காலி என்று எதுவும் இல்லை. மேளக்காரர்கள் நடுவில் நிற்க, ஊரே சுற்றி வளையமாக ஆடுமாம். வேடிக்கை பார்ப்பவர் என்று ஒருவர் கிடையாது. எனக்கு உட்காரவும் வராது, ஆடவும் வராது. நாளை மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

ஜூலை 23, செவ்வாய்

நானே போய்த் தலையைக் கொடுத்துவிட்டேன். வேறென்ன சொல்ல?

காலையில் அம்மன் முன்னால் வரிசை. பூசாரி கோபால் ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா என்றால் வந்தவர்கள் எல்லார் கையிலும் கயிறு கட்டுவார்கள். கட்டிக்கொண்டு காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவோம். அந்தப் பழக்கத்தில் நானும் வரிசையில் நின்று இடது கையை நீட்டினேன். கடல் தாண்டி வந்தவள் வேண்டுதலோடு நிற்கிறாள் என்று அவர் நினைத்திருக்கிறார். மனசாரக் கட்டினார்.

பச்சையம்மா பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இன்னாம்மா இப்டி பண்ணிட்ட! அது காப்பும்மா. கட்டினவங்க திருவிழா முடிஞ்சி அவுக்கற வரிக்கும் எல்லைய தாண்டக் கூடாது."

"தாண்டினா?"

"மேளத்த கவுத்து வெச்சிடுவாங்க, ஆட்டம் பாட்டு எல்லாம் நின்னுடும். போனவங்க திரும்பி வந்தாத்தான் நிமித்துவாங்க."

ஞாயிற்றுக்கிழமைதான் அவிழ்ப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை!

ஜூலை 24, புதன்

பஸ் வந்தது. திரும்பிப் போனது. பார்த்துக்கொண்டு நின்றேன். இவரிடம் போனில், வர ஞாயிறு ஆகும் என்று மட்டும் சொன்னேன், காப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூலை 25, வியாழன்

எழுத்து கோணுகிறது.

மதியம் புளியமரத்தடியில் நின்று கூப்பிட்டேன். "ரிசல்ட் வந்துருச்சு" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"நேர்ல சொல்றேன், சகு."

நல்ல சேதியை யாராவது நேரில் சொல்ல வைத்திருப்பார்களா? ஓடிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிட்டேன். எல்லைக்கல்லில் வேப்பிலை கட்டியிருந்தது. அந்தப் பக்கம் தார்ச்சாலை. பச்சையம்மா பின்னாலேயே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

"போம்மா. வூட்டுக்காரருக்கு ஒன்னுன்னா போவாம இருப்பியா? யாரும் ஒன்னியும் சொல்ல மாட்டோம். நான் போய் கோபால் கிட்ட சொல்லி மேளத்த கவுக்க சொல்றேன்."

ஊருக்குள் அப்போது யாரோ மேளத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம். எனக்கு இந்த மனிதர்கள் யார்? யாருமில்லை. ஆனால் தன்னால் ஒரு மேளம் கவிழ்ந்தது என்று தெரிந்தால் இவர் என்னோடு பேசமாட்டார். முப்பது வருஷத்தில் நான் பாட்டை நிறுத்தச் சொன்னதற்கு மட்டும்தான் இவர் என்னிடம் கோபித்திருக்கிறார்.

பஸ் வந்தது. டிரைவர் நிறுத்தி, என்னைப் பார்த்து, ஹாரன் அடித்தார். நான் ஏறவில்லை. இவரையே திரும்பக் கூப்பிட்டேன். "என்னால வர முடியாது. நீங்க வாங்க" என்று காப்புக் கதையைச் சொன்னேன்.

"அங்க என்னைப் பாட விடுவாங்களா?" என்றார். இதைத்தான் கேட்டார் மனுஷன்.

ஜூலை 26, வெள்ளி

காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். ஷேவ் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போல. "சொல்லுங்க" என்றேன். "முதல்ல மேளத்தப் பாத்துர்றேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கயிறு கட்டாதவர்கள் வரலாம், போகலாம், பாடலாம் என்றார் கோபால். சாயங்காலம் இவர் வளையத்துக்குள் போய் நின்றுகொண்டார். எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு அவரே கட்டிய பாட்டு:

கித்தாக் காட்டுக்குள்ளே
குடியிருக்க வந்தவளே...

குரல் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. வளையம் அந்த அடியை அப்படியே வாங்கித் திருப்பிப் பாடியது. பக்கத்தில் ஆடிக்கொண்டே பச்சையம்மா கேட்டாள்: "கித்தான்னா இன்னாம்மா?" ரப்பர் மரம் என்றேன். "அப்டியா!" என்று இன்னும் பலமாகப் பாடினாள்.

இங்கே ஒரு வழக்கம். முன்பாட்டுக்காரர் அடுத்த அடியை எடுக்கும் வரை வளையம் பழைய அடியை விடாது. இவருக்கு இருமல் வந்தது. குனிந்து இருமினார், தண்ணீர் குடித்தார், கண்ணைத் துடைத்தார். அதுவரை ஊரே 'குடியிருக்க வந்தவளே' என்று திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டு சுற்றியது. யாருக்கும் அவசரமில்லை. இவர் நிமிர்ந்து அடுத்த அடியை எடுத்ததும்தான் மேளம் துள்ளியது.

மூன்றாம் முறை இருமியபோது என்னால் தாங்க முடியவில்லை. வளையத்துக்குள் ஓடிச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போதும்! தொண்டையை நாசமாக்கிக்கிறீங்க!"

காதருகே வந்து சொன்னார்: "இருக்கறப்பவே பாடிக்கிறேன், சகு."

புரிந்துவிட்டது. அங்கேயே நின்று அழுதேன். பச்சையம்மா வந்து என் கையைப் பிடித்து வளையத்தில் சேர்த்துக்கொண்டாள். அழுதுகொண்டே சுற்றினேன்.

ஜூலை 28, ஞாயிறு

காப்பை அவிழ்த்தார்கள். கயிறுகளை வேப்பங்கொம்பில் சுற்றி ஓடையில் விட்டார்கள். கை வெறுமையாக இருக்கிறது.

இறங்கும் பஸ்ஸில் முழுதும் சொன்னார். புற்றுதான். குரல்வளையை எடுத்தால் உயிருக்குப் பயமில்லையாம். வியாழக்கிழமை ஆபரேஷன். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்து வாய்க்குள் பாட ஆரம்பித்தார். வேலூர் வரை நான் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவருகே என்னைப் பார்த்து, "பசியாறிட்டு வா" என்றார். கடைசியாகப் பேசினது இதுதானா? ஒரு இட்லிகூட இறங்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம், நன்றாக இருக்கிறார் என்கிறார் டாக்டர். கழுத்தில் ஓட்டை, மூக்கில் குழாய். அறையில் சத்தமே இல்லை. இந்த அமைதியைத்தானே நான் முப்பது வருஷமாகக் கேட்டேன்? வேண்டாம். எனக்கு இது வேண்டவே வேண்டாம்.

சாயங்காலம் இவர் கட்டில் கம்பியில் விரலால் தட்டினார். தண்ணீர் வேண்டுமா என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினார். நர்ஸைக் கூப்பிடவா என்றேன். அதற்கும் இல்லை. திரும்பத் தட்டினார். அப்புறம்தான் தெரிந்தது — மலை மேளம். உதடு அசைந்தது, காற்றுகூட வரவில்லை. என்னையே பார்த்தார்.

எனக்குப் பாட்டு வராது. ஆரம்பித்தேன். 'குடியிருக்க வந்தவளே'. அடுத்த அடியை எடுக்க வேண்டியவர் அவர். அதனால் அதையே மறுபடி பாடினேன். மறுபடியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தார். மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நர்ஸ் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் நிறுத்தவில்லை.