மூடிய கடலில் ஒரு பாசிப் படகு

ஆழ்செவி நிலையம், முந்நீர்க் குடியரசு. ஆவணி 3, காலை 7:40

வழக்கமான பதிவு. கடலடியில் இருக்கும் இந்த நிலையத்தில் நான் மட்டும்தான். காற்று, மின்சாரம், குடிநீர் எல்லாம் சரியாக இருக்கின்றன. கடலடிக் கேட்பான்கள் நான்கு திசையிலும் வேலை செய்கின்றன. தலைநகர்த் துறைமுகத்தில் இன்று கடற்படை அணிவகுப்பு. அதிபர் அம்பிகைபாகன் புதுக் கப்பலைக் கடலில் இறக்கி வைக்கிறார். போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் போகின்றன. எந்திரச் சத்தத்தை வைத்தே எது எந்தக் கப்பல் என்று சொல்லிவிடுவேன். பதினாறு வருடமாக எனக்கு அதுதான் வேலை.

மேற்கில் ஒரு சின்ன நீர்மூழ்கி மோட்டார். பட்டியலில் இல்லாத சத்தம். அந்தப் பக்கம் கடல்பாசி அறுக்கும் படகுகள் வருவதுண்டு. யாராவது மோட்டாரை மாற்றியிருப்பார்கள். மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை.

ஆவணி 3, காலை 10:30

துறைமுகத்தில் நீருக்கடியில் பெரிய வெடிச்சத்தம். கேட்பான் ஒன்று அடைத்துக்கொண்டது. மரியாதைக் குண்டு முழக்கம் இல்லை. அது மேலே வெடிக்கும், இது கீழே.

ஆவணி 3, காலை 11:05

அதிபர் இறந்துவிட்டார். அவர் ஏறிய படகுக்கு அடியில் யாரோ வெடி வைத்திருக்கிறார்கள். கடற்படையின் ஆணை, எல்லாக் கப்பல்களுக்கும்:

"குடியரசின் கடல் இந்த நிமிடம் முதல் மூடப்படுகிறது. எல்லாக் கலங்களும் எந்திரத்தை நிறுத்த வேண்டும். நகரும் கலம் எதிரியின் கலம்."

காலையில் கேட்ட மோட்டார் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வெடி வைக்க வந்தவர்கள் என் காதுக்கு முன்னால்தான் போயிருக்கிறார்கள். பாசிப் படகு என்று நினைத்து விட்டுவிட்டேன். பதிவை எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினேன்.

ஆவணி 3, பகல் 12:20

கடல் இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. எல்லா எந்திரங்களும் நின்றுவிட்டன. ஒன்று மட்டும் ஓடுகிறது. தென்மேற்கில், அடியாழத்தில், மெதுவாக. காலை மோட்டாருடன் ஒப்பிட்டுப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேல் ஒத்துப்போகிறது. நிச்சயமில்லை.

கமாண்டர் பொன்னுரங்கம் லைனில் வந்தார். அணிவகுப்பின் பாதுகாப்பு அவர் பொறுப்பில் இருந்தது. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"டாக்டர் மச்சாடோ, அதுதானா?"

"இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியல. கடலடியில இருக்கிற படகுக்கு ரேடியோ எட்டாது, ஆணை அவங்களுக்குத் தெரியாமக்கூட இருக்கலாம். என்கிட்ட ஒலிபேசி இருக்கு, தண்ணிக்குள்ளயே பேசலாம். கூப்பிட்டுப் பாக்கட்டுமா?"

"கூப்பிட்டா உஷாராகி ஓடிருவான். காலையில ஒண்ணை விட்டீங்க, டாக்டர். இப்போ எனக்கு ஒரே வார்த்தை போதும். ஆமாவா, இல்லையா?"

ஆமாம் என்று சொன்னேன்.

ஆவணி 3, பகல் 12:50

இரண்டு வெடிப்புகள். மோட்டார் நின்றது. அது அடியில் போய்த் தட்டிய சத்தம். நாற்பது மீட்டர் ஆழம், மணல் தரை. என் நிலையத்திலிருந்து பக்கம்தான்.

ஆவணி 3, பகல் 1:15

உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். இரும்பில் இரும்பால் தட்டுகிறார்கள். பிறகு ஒலிபேசியில் ஒரு பெண் குரல் வந்தது.

"யாராவது இருக்கீயளா? யம்மா, யாராவது கேக்கீயளா? நாங்க பாசி அறுக்குற படகு. என் பேரு அமலோற்பவம், நாந்தான் இதுல மேஸ்திரி. பாறையில மோதிட்டோம்போல. பாதிப் படகு தண்ணி. பதினோரு பேரு வந்தோம், ஏழு பேரு இருக்கோம். என் தங்கச்சி பெர்பெத்துக்குக் கால் நசுங்கிருச்சு. யாராவது வாங்க."

பாறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆவணி 3, பகல் 1:30

கமாண்டரிடம் சொன்னேன். மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு:

"அதிபர் என் கையைக் குலுக்கிட்டுத்தான் படகுல ஏறினாரு. என் காவல்ல செத்தாரு. காலையில ஊரே எங்களைக் காறித் துப்புச்சு. இப்போ கொலைகாரனை அழிச்சாச்சுன்னு செய்தி போயிருச்சு. துறைமுகத்துல ஜனங்க கடற்படைச் சிப்பாய்களைக் கட்டிப்பிடிச்சு அழுவுறாங்க. அது பாசிப் படகுன்னு நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்? ஒலிபேசியைத் தொடாதீங்க. இது ஆணை."

எங்கள் மீட்புக் கூண்டில் நான்கு பேர் உட்காரலாம். இங்கிருந்தே அதை ஓட்டலாம். ஆளில்லாமலே போய்ப் படகின் பக்கக் கதவில் ஒட்டிக்கொள்ளும். கமாண்டருக்கும் இது தெரியும். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒலிபேசியின் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். அணைக்கவில்லை. அணைக்காததே பெரிய காரியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆவணி 3, மாலை 4:00

இன்னும் பேசுகிறார்கள். பெர்பெத்து என்ற அந்தத் தங்கை ஜெபம் சொல்கிறாள். நடுவில் நிறுத்தி, வீட்டில் அரிசியை ஊறப்போட்டுவிட்டு வந்தேன் என்கிறாள். யாரோ சிரிக்கிறார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆணையை மீறினால் என்ன தண்டனை என்று விதிப்புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். அதைத்தான் செய்தேன்.

ஆவணி 3, மாலை 6:10

பெர்பெத்துவின் குரல் நின்றுவிட்டது. அமலோற்பவம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அதற்குமேல் உட்கார முடியவில்லை. கூண்டை அனுப்பினேன்.

ஒலிபேசியில், "வந்துட்டிருக்கு, பக்கக் கதவுகிட்ட வந்து நில்லுங்க" என்றேன்.

"ஆண்டவரே! தாயி, நீ நல்லா இருப்ப" என்றாள்.

ஆவணி 3, இரவு 8:00

நான்கு பேர் கிடைத்தார்கள். கூண்டில் நான்கு பேருக்குத்தான் இடம். அங்கே உயிரோடு இருந்ததும் நான்கு பேர்தான்.

தண்ணீர் புகுந்த படகில் மணிக்கணக்காக ஆழத்து அழுத்தத்தில் மூச்சுவிட்டவர்கள். சட்டென்று வெளியே விட்டால் சோடா பாட்டிலைத் திறந்தமாதிரி ரத்தம் நுரைக்கும், செத்துவிடுவார்கள். நிலையத்து அழுத்த அறையில் வைத்து, மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வைத்திருக்கிறேன். இடையில் தடித்த கண்ணாடி. ஒலிபெருக்கி வழியாகத்தான் பேச முடியும்.

அமலோற்பவம். தொம்மை என்ற இளைஞன், பெர்பெத்துவின் கணவன். ரெங்கநாயகி, காது கேட்கவில்லை, வெடிப்பில் போயிருக்கிறது. இஸ்மாயில், படகோட்டி.

ஆவணி 4, காலை 9:00

கஞ்சி கொடுத்தேன். உணவு அனுப்பும் இடைக்கதவு வழியாகப் பாத்திரங்களைக் கழுவித் திருப்பி வைத்திருந்தார்கள். "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இஸ்மாயில் வெட்கத்தோடு சொன்னார், "என் தப்புத்தாம்மா. பாறையை நான் பாத்துருக்கணும். முப்பது வருசம் ஓட்டுறேன், அங்க பாறை கெடயாதுன்னு நெனச்சேன்."

அங்கே பாறை கிடையாது. நான் சொல்லவில்லை. தூங்குங்கள் என்றேன்.

ஆவணி 4, பகல் 2:40

தெற்கில், குடியரசின் எல்லைக்கு அருகே, நேற்றுக் காலையில் கேட்ட அதே மோட்டார். இப்போது சந்தேகமே இல்லை. முழுதாக ஒத்துப்போகிறது. இவ்வளவு நேரமும் எங்கோ அசையாமல் கிடந்து, இப்போது வெளியேறுகிறது. கமாண்டரை அழைத்தேன்.

"கொலைகாரன் அங்க போறான். இப்போ விட்டா எல்லையைத் தாண்டிருவான்."

"கொலைகாரன் நேத்தே செத்துட்டான், டாக்டர்."

"சார், எனக்கு இந்தச் சத்தம் தெரியும்."

"நேத்தும் தெரியும்னுதானே சொன்னீங்க?"

மோட்டார் சத்தம் தேய்ந்து மறைந்தது.

ஆவணி 5, காலை 10:15

கூண்டின் எந்திரச் சத்தம் கடற்படையின் காதிலும் விழுந்திருக்கிறது. கமாண்டர்:

"உள்ள எத்தனை பேரு?"

"நாலு பேரு. கூலி ஆளுங்க."

"நாங்க கிளம்பி வர்றோம். வந்ததும் அறையைத் திறந்து ஒப்படைங்க."

"நாளைக்கு ராத்திரி வரைக்கும் திறக்கக் கூடாது. திறந்தா செத்துருவாங்க."

"தெரியும்."

அந்த ஒரு வார்த்தைதான். பிறகு என் சேவைக்கு விருது பரிந்துரைத்திருப்பதாகச் சொன்னார். குரலில் கேலி இல்லை. களைத்துப்போன மனிதரின் குரல்.

ஆவணி 5, காலை 11:00

அவர்களிடம் சொன்னேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அதிபர், மூடிய கடல், மோட்டார், நான் சொன்ன ஆமாம்.

தொம்மை எழுந்து சுவரோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டான். இஸ்மாயில், "அப்போ பாறை இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அமலோற்பவம் ஒலிபெருக்கியின் பக்கம் வந்தாள்.

"ஆள் தெரியாமச் சொல்லிட்ட. சரி. நாங்க தட்டுனது உனக்கு எப்போ கேட்டுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. "மதியமே கேட்டுச்சு" என்றேன்.

"மதியமே."

"ஆமா."

"பெர்பெத்து பொழுது சாயுற வரைக்கும் பேசிட்டுதானே கெடந்தா."

தொம்மையிடம் போய் அவன் தோளில் கை வைத்தாள். திரும்பி வந்து, "நாங்க யாருன்னு ஊருக்குச் சொல்ல வழி இருக்கா?" என்றாள்.

ஆவணி 5, பகல் 12:10

நிலையத்து மிதவை வழியாக எல்லா அலைவரிசையிலும் திறந்துவிட்டேன். அறையின் ஒலிவாங்கியை அதோடு இணைத்தேன். அவள் பேசினாள்:

"என் பேரு அமலோற்பவம். சங்குத்தீவு. பாசி அறுக்கப் போனோம். எங்களைக் கொன்னது கடற்படை. செத்தவங்க பேரச் சொல்லுதேன், அவங்க வீட்டு ஆளுக கேட்டுக்கிடுங்க. சூசைமாணிக்கம். அவரு மவ ரோஸ்லின். கருத்தப்பாண்டி. பாத்திமுத்து. லாசர். வேலம்மா..."

வேலம்மாவுக்கு அப்புறம் மிதவை செத்துவிட்டது. கேபிளை வெட்டியிருக்கிறார்கள். பெர்பெத்துவின் பெயரைக் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தாள். அது போய்ச் சேரவில்லை.

சங்குத்தீவில் யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆவணி 5, பகல் 1:00

கடற்படை நீர்மூழ்கி வாசலில் ஒட்டிவிட்டது. நான் வெளியே நின்றால் என்னைத் தள்ளிவிட்டு அறையின் காற்று வால்வைத் திருப்புவார்கள். நான் உள்ளே இருந்தால் அவர்கள் யோசிக்கலாம். கடற்படையின் சொந்த ஒலியியலாளர், விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவள். இடைக்கதவில் நுழைந்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு அறைக்குள் போகிறேன். கணினிப் பதிவு இத்தோடு முடிகிறது.

கையால் எழுதியது, பிஸ்கட் அட்டையின் பின்புறம்

உள்ளே வந்துவிட்டேன். காது அடைக்கிறது. கதவை உள்ளிருந்து பூட்டியாயிற்று. ஆனால் காற்று வால்வு வெளியே இருக்கிறது.

நான் உட்கார இடம் வேண்டுமென்று ரெங்கநாயகி நகர்ந்துகொண்டார். அவருக்குக் காது கேட்காது, நான் சொன்னது ஒன்றும் அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்துச் சிரித்தார். மற்றவர்கள் பார்க்கவில்லை.

ஒலிபெருக்கியில் கமாண்டர்: "டாக்டர், நீங்க மட்டும் வெளிய வந்துருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சு நிமிஷம் தர்றேன்."

வரவில்லை என்றேன். அவர் மறுபடி கூப்பிட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

அமலோற்பவம் நான் எழுதுவதைப் பார்த்தாள். என்ன எழுதுகிறாய் என்றாள். பெயர்களை என்றேன். பெர்பெத்து பெயரை முதலில் போடச் சொன்னாள். போட்டேன். பதினோரு பெயரும் அட்டையின் மேல்பக்கத்தில் இருக்கின்றன. பிறகு சொன்னாள், "எங்க பேரோட உன் பேரச் சேக்காத."

சேர்க்கவில்லை.

வால்வு திரும்புகிறது. அழுத்தம் இறங்க இறங்க அறைக்குள் பனிமூட்டம் படருகிறது, எழுத்து தெரியவில்லை. தொம்மை அமலோற்பவத்தின் கையைப் பிடித்திருக்கிறான். இஸ்மாயிலுக்கு முழங்கையில் வலி தொடங்கிவிட்டது. ரெங்கநாயகி என்னிடம் என்ன ஆகிறது என்று கையால் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்ல

இதை எடுப்பவர்களுக்கு. அது பாசிப் படகு. மோட்டார் வேறு. எனக்குக் கேட்டது. மதியமே எனக்குக் கே