ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

மோட்டார் போட்டுப் பத்து நிமிடத்தில் காற்றை இழுக்கிறது. கிணறு எனக்கும் நேசையன் அண்ணனுக்கும் பொது. ஆளுக்கு மூன்று நாள் முறை. ஞாயிறு யாரும் இறைக்கக் கூடாது, அன்று ஊறட்டும் என்று பாகம் வைத்தபோதே அப்பா சொன்னது. அப்படியானால் நேற்று ஊறிய தண்ணீர் எங்கே? அண்ணன் இரண்டு வாரமாக ஞாயிறு ஆராதனைக்குப் பிந்தி வருகிறான். கூடப்பிறந்தவன் செய்கிற வேலையா இது? என் தோட்டத்துப் பிச்சிப்பூ மொட்டிலேயே வாடுகிறது. ச்சீ.

மார்ச் 6

பதினொன்றாம் வகுப்பில் பாலைவனச் செடிகள் நடத்தினேன். மேலே ஒன்றுக்கொன்று தள்ளி, மரியாதையாக நிற்கும். கீழே வேர் பரப்பி அடுத்ததன் தண்ணீரைக் குடிக்கும். உதாரணத்துக்கு, நாங்கள் உடைமரம் என்கிற சீமைக்கருவேலத்தைச் சொன்னேன் — தண்ணீர் கிடைக்கும்வரை அதன் வேர் இறங்கும். சொல்லும்போது அண்ணன் முகம்தான் ஞாபகம் வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

சபைக் கமிட்டியில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், ஓய்வுநாளில் தண்ணீர் திருடுகிறான் என்று. அண்ணன் சத்தம் போடவில்லை. "ஏட்டி ஷிபா, நான் களவாண்டேன்னு நீ நம்புத வரைக்கும் எனக்கு அந்தக் கிணறும் வேண்டாம், திருவிருந்தும் வேண்டாம்." சாயங்காலமே தன் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனான்.

என்ன நடிப்பு!

மார்ச் 16, ஞாயிறு

சபைக் கோயிலுக்குப் போகவில்லை. காலையில் தண்ணீர் மட்டத்தில் கரிக்கோடு போட்டுவிட்டுக் கிணற்றடியிலேயே இருந்தேன். ஒருவரும் வரவில்லை. மாலையில் தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே.

மார்ச் 18

கிணறு தூர்வாரும் ஷாஜனை இறக்கினேன். கை நிறையச் செம்பட்டை மயிர்போல எதையோ பிய்த்துக்கொண்டு வந்தான். வழவழவென்று, அழுகல் நாற்றம். வாங்கிப் பார்த்தேன். "அக்கா, ஒங்க வேலியில நிக்க உடைமரத்துக்க வேராக்கும். கல்லுக்க இடையில முழுக்க இதுதான்."

என் வேலி. அப்பா இறந்த வருடம், அண்ணன் முகத்தில் முழிக்கக் கூடாதென்று நானே விட்டு வளர்த்தது. கிணற்றோரம் அது வேண்டாமென்று அண்ணன் அப்போதே சொன்னான். பாடம் நடத்துகிறவள் நான்! தூ.

மார்ச் 19

நாலு தடவை சோப்பு போட்டும் கை நாறுகிறது.

மார்ச் 22

மரங்களைத் தூரோடு தோண்டியாயிற்று. அண்ணனிடம் போகவில்லை. எந்த முகத்தோடு போக?

ஏப்ரல் 6, ஞாயிறு

திருவிருந்து. மனதில் பகையோடு அந்த அப்பத்தையும் ரசத்தையும் தொடக் கூடாது. அண்ணன் கடைசி பெஞ்சில் இருந்தான். எல்லாரும் எழுந்து போக, அவன் மட்டும் எழவில்லை. நான் எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. முன்னால் போய் முழங்கால் போட்டேன். கிண்ணம் வந்தது, குடித்தேன். நானெல்லாம் என்ன பிறவி.

ஏப்ரல் 14, திங்கள்

கிணற்றில் மேலிருந்து மூன்றாம் படிவரை தண்ணீர். என் பிச்சி பூத்துவிட்டது. மறைக்க மரம் இல்லாததால் அண்ணன் தோட்டம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தெரிகிறது. ஒரு செடி பாக்கியில்லாமல் கருகி நிற்கிறது.

அவன் முறை நாட்களிலும் நான்தான் இறைக்கிறேன்.